ஐஸ் வைக்கத் தெரியாதவள்

ரயில் கிளம்பியதுமே நாத்தனார் நான் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் திறந்தாள்.

“மனுஷங்களுக்கு ஐஸ் வைக்கத் தெரியாது. சாப்பாட்டுக்கு மட்டும் நல்லா வைக்கிறா!”

ஐஸ் கட்டிகளை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, அந்த இடத்தில் தன் மேக்கப் பையைத் திணித்தாள்.

எனக்குக் குடல் கோளாறு. வெளிச் சாப்பாடு ஒரு வாய் பட்டாலும் ஆஸ்பத்திரிதான். போன பயணத்திலும் இவள் இதையேதான் செய்தாள். பத்தியச் சாப்பாடு ஊசிப்போய், ஊர் சேரும்வரை நான் பட்டினி. அன்று அழுதேன். இன்று வேடிக்கை பார்த்தேன்.

மதிய வெக்கையில் அந்தப் பெட்டியிலிருந்த டப்பாவைத் திறந்தேன். சாப்பாடு ஊசிப்போய் நாறியது.

“அய்யோ பாவம், இன்னைக்கும் பட்டினியா?” என்று சிரித்தாள். “சரி, என் சாப்பாட்டை எடு. உன்கிட்டதான் செய்யச் சொன்னதா எங்க வீட்டுக்காரர் சொன்னாரே.”

“அதைத்தான் அண்ணி திறந்திருக்கேன். போன வாரம் டாக்டர் சொன்னதுலேர்ந்து உங்களுக்கும் இதே பத்தியம்தானே?”

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

சீட்டுக்கடியிலிருந்து என்னுடைய பெட்டியை இழுத்தேன். சாப்பாடு சில்லென்று இருந்தது. முதல் வாயை நிதானமாக மென்றேன்.

“உங்களுக்கும் ஐஸ் வச்சுத்தான் பார்த்தேன் அண்ணி. நீங்கதான் கொட்டிட்டீங்க.”