ஏழாவது கொக்கி

கோபால்ட் கதிர்வீச்சு அறைக்குள் போகிறவர்கள் சுவரில் தொங்கும் தங்கள் பெயர் வில்லையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். ஏழு கொக்கியிலும் வில்லை இருந்தால்தான் கதிர்மூலம் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து மேலே எழும். உள்ளே மறந்துவிட்ட கண்ணாடிக் குடுவை ஒரு மணி நேரத்தில் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். மனிதன் பிழைக்கவே மாட்டான்.

ஏழாவது கொக்கி காலியாக இருந்தது. அது கூட வேலை பார்க்கும் விதூன் அண்ணனுடையது.

ரச்சனீ மாலைக்குள் பாங்காக்கிற்குச் சோதனை முடிவைச் சொல்லியாக வேண்டும். செயற்கைக்கோளுக்காக அவள் செய்த சில்லுகளில் ஐந்து கதிர்வீச்சில் செத்துவிட்டன. கடைசிச் சில்லும் போனால் நான்கு வருட ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள்.

"அண்ணே! உள்ள இருக்கீங்களா? அண்ணே!"

இரண்டு முறை உள்ளே போய் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். யாருமில்லை. போனையும் அவர் எடுக்கவில்லை.

"பையில போட்டுக்கிட்டே சாப்பிடப் போயிருப்பாரு, மறதி மனுஷன்" என்று முணுமுணுத்தபடி, பழைய வில்லை ஒன்றை அந்தக் கொக்கியில் மாட்டினாள். கடைசிச் சில்லு உள்ளே தயாராக இருக்க, கதிர்மூலத்தை மேலே எழுப்பினாள்.

ஒரு மணி நேரம் கழிந்தது. சில்லு பிழைத்துவிட்டது. அழுதுகொண்டே கதிர்மூலத்தை இறக்கினாள்.

அப்போது வெளிவாசல் வழியாக விதூன் வந்தார். ரப்பர் வளையம் போட்ட நூடுல்ஸ் பை கையில் ஆடியது.

"வில்லை என்கிட்டயே இருந்துடுச்சும்மா. உனக்கும் சேத்துதான் வாங்கியாந்தேன்."

அவர் வாசலிலேயே நின்று சுவரைத் தடவினார். மேலே எட்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

"ஏம்மா, எல்லா லைட்டையும் அணைச்சுட்டு உக்காந்திருக்க?"

காலையில் போட்டிருந்த அதே மூக்குக்கண்ணாடிதான். ஒரு மணி நேரம் உள்ளே கிடந்த குடுவையைப் போல் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.