சிங்காரவேலுவோட பிரஷர்

"பேரு?"

"சிங்காரவேலுங்க."

சொன்னது ஆட்டோக்கார பாலகுமாரு!

தலையில ஹெல்மெட்டு தொளதொளன்னு ஆடுச்சு. மூஞ்சில தூசி மாஸ்க்கு. ஹெல்மெட்டு, மாஸ்க்கு, சட்டை எல்லாமே சிங்காரவேலுது. அந்தச் சட்டைக்குள்ள பாலகுமாரு மாதிரி இன்னொரு ஆளு குடித்தனம் பண்ணலாம்.

சிங்காரவேலு பக்கத்து வூடு. மைன்ஸ்ல கான்ட்ராக்ட் டிரைவரு. "எனக்கு பிரஷர் எகிறிக் கெடக்குடா. மைன்ஸ் ஆஸ்பத்திரி மெர்லின் சிஸ்டர் செக்கப் சீட்டுல கையெழுத்துப் போடலன்னா வண்டிச் சாவி கெடைக்காது. எனக்குப் பதிலா நீ போய்க் கைய நீட்டுடா"ன்னு காலையில அழாத கொறையா கெஞ்சினான்.

பாலகுமாரு யோசிக்கவே இல்ல. குச்சி மாதிரி ஒடம்பு, இதுக்கு ஏது பிரஷரு!

ஆனா மாட்டினா சிங்காரவேலு வேலை காலி. அதான் ஹெல்மெட்ட இன்னும் கீழ இழுத்து விட்டுக்கினான்.

"வயசு?" சிஸ்டர் நிமிரவே இல்ல.

"முப்பத்தெ... நாப்பத்தாறுங்க."

"மனைவி பேரு?"

"வெண்மதி." வாயில வந்தது சொந்தப் பொண்டாட்டி பேரு. "அய்யய்யோ, அது பக்கத்து வூட்டம்மா! நம்மளுது மலர்கொடிங்க."

"பீடி?"

"தொட மாட்டேங்க." சட்டைப் பையில இருந்த பீடிக்கட்ட கையால மறைச்சிக்கினான்.

சிஸ்டர் பட்டையச் சுத்தி, காத்தடிச்சுப் பாத்தாங்க. அஞ்சு நிமிசம் பேசாம உக்கார வெச்சு மறுபடியும் பாத்தாங்க. மூஞ்சி மாறிப்போச்சு.

"நூத்தி எண்பது, நூத்திப்பத்து! இப்படியே விட்டா ஹார்ட்டு ஒருநாள் கைய விரிச்சிடும்."

பாலகுமாருக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி. "அய்யோ சிங்காரவேலு! புள்ளகுட்டிக்காரனாச்சே, பாவி!"

"யாருக்கு பிரஷரு?"

"அவனுக்குத்தானுங்க..." சொல்லிக்கினே குனிஞ்சு பாத்தான். பட்டை சுத்தியிருந்தது தன் கையில.

"சிஸ்டர்... கை என்னுதுங்க."

"தெரியும் பாலகுமார். எழுந்து நேரா டாக்டர் ரூமுக்கு நடங்க. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்."

தூக்கிவாரிப் போட்டுச்சு அவனுக்கு. பொத்துனு கால்ல விழப் போனான்.

"அவன் வேலைய மட்டும் கெடுத்துடாதீங்க சிஸ்டர்! என் ஹார்ட்டு எக்கேடு கெட்டாலும் பரவால்ல!"

சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கல.

"அவருக்கு பிரஷரே இல்ல, போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சு. ஆட்டோ ஸ்டாண்டுல மூணு தடவ பிரஷர் கேம்ப் வெச்சேன், மூணு தடவையும் சவாரின்னு ஓடிட்டீங்க. 'தனக்குன்னா வர மாட்டான் சிஸ்டர், எனக்குன்னா வேஷம் போட்டுக்கினாவது ஓடியாருவான்'னு சிங்காரவேலுதான் சட்டையக் கழட்டிக் குடுத்தாரு!"