அரை கிலோ ரவை

"தனியா அனுப்புங்க. அவளே வாய் திறந்து கேக்கட்டும்" என்று சிறப்புப் பள்ளி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அனுசுயாவுக்கு மனசு கேட்கவில்லை. புது ஆளைக் கண்டால் மகள் கீதாஞ்சலிக்குப் பேச்சே வராது. அதனால் முந்தின நாளே தெருமுனைக் கடை ராஜதுரையிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தாள்.

"அவ கேக்கவே வேணாம். பாத்ததும் அரை கிலோ ரவை குடுத்துடுங்க."

மறுநாள் மகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பினாள். ஐந்து நிமிட வேலை. அரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். மெயின் ரோட்டில் செந்துறை பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் அனுசுயா பதறி எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடப்போனவள் எதிரே, ரவைப் பையோடு வந்து நின்றாள் மகள்.

அப்பாடா!

அதற்குள் போன் அடித்தது. "ராஜதுரை பேசறேங்கக்கா. மறந்தே போச்சு. காலையிலேயே கடையைப் பூட்டிட்டுக் கல்லங்குறிச்சி கோயிலுக்கு வந்துட்டேன். பாப்பாவை நாளைக்கு அனுப்புங்க."

அனுசுயா திகைத்து மகளைப் பார்த்தாள்.

"மெயின் ரோட்டுக் கடைக்குப் போனேம்மா. அந்த அண்ணன் பேரு மதுரைவீரன். நானே கேட்டேன்."