இத்தா லீவு

"செத்துட்டார்னு நீ சொன்னா போதுமா? யாராவது கண்ணால பாத்தாங்களா?"

துக்க வீட்டுக்குள் வந்ததும் இக்லாஸ் இப்படித்தான் ஆரம்பித்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. எள் ஆலையில் எல்லோருக்கும் அவள் 'உஸ்தாஸா'; எல்லோருடைய லீவும் அவள் கையில்தான். அவளிடம் லீவு கேட்கப் போகிறவர்கள் வாசலிலேயே ஒரு துஆ ஓதிவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்று கெதாரிஃப் ஊர் முழுக்கக் கேலி உண்டு.

ஆலையில் எள் புடைக்கிற தமாதிர், வெள்ளைத் துணியால் தலையோடு போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் விரிப்பு தரைவரை தொங்கியது. முக்காலியில் கருவேலங்காய்க் கஷாயம் ஆவி பறந்தது. பாய் சுருட்டியபடியே மூலையில் சாய்ந்து நின்றது.

"லாரி ஆத்துல கவுந்துடுச்சு, உஸ்தாஸா. வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. மையித்து கூடக் கிடைக்கல."

"யாரு சொன்னா?"

"கூடப் போன டிரைவர். போன்ல சொன்னாரு."

"அந்த டிரைவர் எங்க?"

"அவரு ஊருக்குப் போயிட்டாரு."

"நல்லாருக்கு கதை. போன மாசம் ஒருத்தன் ஒரே அப்பாவை ரெண்டு தடவை சாகடிச்சு லீவு வாங்கிட்டான். முதலாளி என்னையத்தான் காய்ச்சி எடுத்தாரு." இக்லாஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "பெருநாள் லீவு நேத்தோட முடிஞ்சுது. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"இத்தாவுல எப்படி வெளிய வருவேன்? புருஷன் போனவளுக்கு நாலு மாசம் பத்து நாள் சம்பளத்தோட லீவுன்னு சட்டம் இருக்குல்ல?"

"அது புருஷன் போனவளுக்கு. போயிட்டார்னு வாயால சொல்றவளுக்கு இல்ல."

தமாதிர் கையெடுத்துக் கெஞ்சினாள். "சம்பளம்கூட வேணாம் உஸ்தாஸா. இவ இத்தாவுல இருக்கான்னு ஆலை ஒத்துக்கிட்டா போதும். நான் இந்த ரூமை விட்டு வெளிய போக முடியாது. போனா எல்லாம் போயிடும்."

"சம்பளம் வேணாமா?" இக்லாஸ் அவளையே பார்த்தாள். பிறகு முக்காலியைப் பார்த்தாள். "இது யாருக்கு?"

"எனக்குத்தான். ராத்திரியெல்லாம் ஒரே இருமல்."

"ம்ம்" என்றாள் இக்லாஸ். அவள் கண் ஒரு தடவை அறையைச் சுற்றி வந்தது.

அப்போதுதான் வாசலில் லாரி வந்து நின்றது. போருக்கு ஆள் பிடிக்கிற லாரி. பெருநாள் முழுக்க அது வரவில்லை, 'அவனுங்களுக்கும் லீவு போல' என்று தெருவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

"முஸ்ஸம்மில் வீடு இதானே?" வாசல் திரைக்கு வெளியே ஒரு இளவட்டக் குரல். "எப்ப வந்தாலும் கம்பி நீட்டுற ஆளு. இப்ப செத்துட்டான்னு சொல்றாங்க. செத்தவன் வீட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போறோம்."

"நான் இத்தாவுல இருக்கேன்யா! அந்நிய ஆம்பள உள்ள வரக் கூடாது!" தமாதிரின் குரல் உடைந்தது.

"இந்தத் தெருவுல பாதிப் பேரு இதையேதான் சொல்றாங்க." துப்பாக்கி முனை திரையைத் தூக்கியது. பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் கண் இக்லாஸ் மேல் நின்றது. "நீங்க... எள் ஆலை ஆபீஸ் அம்மாதானே? என் தம்பி பொறந்தப்ப எங்கம்மாவோட பிரசவ லீவுல ஒரு நாளை வெட்டினவங்க?"

"வெட்டினேன். ஒரு நாள் அதிகமா கேட்டாங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க. இவங்களுக்கு ஆலையில இத்தா லீவு குடுத்தாச்சா?"

தமாதிர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"குடுத்தாச்சு" என்றாள் இக்லாஸ். "அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் யாருக்காவது சும்மா லீவு குடுத்திருக்கேனா? உங்கம்மாகிட்டயே கேளு. இப்ப திரையை விடு. உன் வீட்டுல ஒரு பொம்பள இத்தா இருந்தா, இப்படித்தான் எவனையாவது எட்டிப் பாக்க விடுவியா?"

பையன் திரையை விட்டுவிட்டான்.

"வாங்கடா போலாம்" என்று வெளியே அவன் சொல்வது கேட்டது. "இந்தம்மாவே நம்பி லீவு குடுத்திருக்குன்னா, அவன் நிஜமாவே செத்துட்டான்."

லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. தமாதிருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "உங்க மனசு இரங்கிச்சே, உஸ்தாஸா... அல்லா உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்."

இக்லாஸ் மூலையில் இருந்த பாயை எடுத்துவந்து தரையில் விரித்தாள்.

"நானும் இத்தா இருந்தவதான். நம்ம ஊர்ல அது பாயிலதான், கட்டில்ல இல்ல. முதல்ல இறங்கி உக்காரு. அடுத்து வர்றது கண்ணு தெரிஞ்ச பொம்பளையா இருந்தா என்ன பண்ணுவே?"

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். தரைவரை தொங்கிய விரிப்பைக் கண்ணால் காட்டினாள்.

"நான் வந்ததுலேர்ந்து நீ ஒரு தடவைகூட இருமல. கஷாயம் ஆறுது, அவருக்குக் குடு."