புத்தகத்துக்குள் கிடந்த காம்பு

"கையை எடுய்யா துண்டுக்குள்ளேர்ந்து!"

நூலகர் காசிராஜன் போட்ட சத்தத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றிவரும் ஜீப் டிரைவர் மொக்கையன், துண்டுக்குள் மறைத்து வைத்திருந்த புத்தகத்தை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

காசிராஜன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். இருந்தது! அதே நீல மை, அதே குண்டு குண்டான எழுத்து.

ஆறு மாதமாக இதே கூத்து. புத்தகம் போகும், திரும்பி வரும், கடைசி வெற்றுத்தாளில் யாரோ அபிப்பிராயம் எழுதியிருப்பார்கள். நூலக ஆய்வாளர் இன்று மதுரையிலிருந்து பதினோரு மணி பஸ்சில் வருகிறார். "இனி ஒரு புத்தகத்தில் கிறுக்கல் பார்த்தேன், உம்ம வேலை நிரந்தரமாகாது" என்று போன தடவையே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போன மனுஷன். இப்போது மணி பத்தே முக்கால்.

இத்தனைக்கும் காசிராஜன் புத்தகத்தைச் சாமி சொத்தாக நினைக்கிறவன். நூலகத்துத் தாள் ஒன்றுகூட அவன் வீட்டு வாசல்படி ஏறியது கிடையாது. புத்தகங்களுக்கு அட்டை போட இன்று ஒரு கத்திரிக்கோல் வேண்டியிருந்தது, அதைத்தான் வீட்டிலிருந்து இங்கே கொண்டு வந்திருந்தான். "வெரசாக் கொண்டாந்துருங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்று மனைவி ஜக்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள்.

"இதோட சேத்து மூணு புத்தகம், எல்லாம் ஒன் சீட்டுலதேன் போயிருக்கு. வாசிக்கிறேன், கேளு!"

முதலில் மாயாஜாலக் கதை. 'ஏழு கடல் தாண்டி வந்து அரக்கனைக் கொன்றான், சரி. சிறையில் கிடந்தவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டானா? இவனுக்கெல்லாம் பறக்கும் குதிரை ஒரு கேடா!'

அடுத்தது துப்பறியும் கதை. 'திருடன் யாரென்று எனக்குப் பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. துப்பறிகிறவருக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை, பாவம்.'

காசிராஜனுக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, வீடு கட்டும் முறைகளைச் சொல்லும் புத்தகத்தை எடுத்தான்.

'காருக்கு இடம், நாய்க்கு இடம், செருப்புக்குக்கூட இடம். அடுப்படிக்கு மட்டும் ஜன்னல் இல்லை. இந்தப் படத்தை வரைந்தவர் ஈர விறகை ஒரு நாளாவது ஊதியிருப்பாரா?'

"எனக்குக் கைநாட்டுதேன் சார், ஒங்களுக்கே தெரியும்" என்றான் மொக்கையன்.

"அப்ப மகளுக்குன்னு சொல்லிச் சீட்டு வாங்குனது?"

"அது பொய்தேன்."

"எழுதுனது யாரு?"

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

காசிராஜன் புத்தகத்தைக் கவிழ்த்து உதறினான். நாலைந்து ஏலக்காய்க் காம்புகள் உதிர்ந்தன. எல்லாம் துணுக்குத் துணுக்காக, சீராக வெட்டுப்பட்டவை.

"அப்படிப் போடு! குரங்கணிக்கு மேல எஸ்டேட்டுல எவளையோ வச்சிருக்க. எங்க புத்தகத்தக் கொண்டுபோய்க் குடுத்து அவளைக் கொஞ்சுற!"

மொக்கையன் மேசையில் ஓங்கித் தட்டினான். "வாய அளந்து பேசுங்க சார். அது எனக்குத் தங்கச்சி மாதிரி. மூட்டை எறக்கப் போகயில, படிக்க ஏதாச்சும் கெடைக்குமாண்ணேன்னு கேட்டுச்சு. படிச்சதப் பத்திப் பேசுனா காது குடுத்துக் கேக்க வீட்ல ஆளில்லையாம். அதேன் கடைசிப் பக்கத்துல எழுதித் தீத்துக்கிருது."

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. இன்னும் ஐந்து நிமிடத்தில் காசிராஜன் வேலை நிலைக்கும், அல்லது போகும்.

"கடைசியாக் கேக்குறேன். எந்த எஸ்டேட்டு? பேரச் சொல்லு, ஒன்னிய விட்டுர்றேன். இல்ல, போலீசுதேன்."

மொக்கையன் ஒரு காம்பை எடுத்து அவன் கண்ணுக்கு நேராக நீட்டினான். "மலையில நாங்க காயைத் தேச்சுத்தேன் காம்ப உதுப்போம், மாப்ளே. உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டுறது கீழ நம்ம போடியில வீட்டுப் பொம்பளைக. வீட்ல என்ன சோலி நடக்குதுன்னு பாத்தாத்தான தெரியும்?"

சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தான். காசிராஜனும் பார்த்தான். கத்திரிக்கோலின் இடுக்கில் ஒரு காம்புத் துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தது.

அவன் வீட்டு அடுப்படிக்கும் ஜன்னல் கிடையாது.

ஆய்வாளர் நெற்றியைத் துடைத்தபடி உள்ளே வந்தார். திறந்து கிடந்த புத்தகத்தை எடுத்து வாசித்தார். முகம் கடுத்தது.

"இது யாரய்யா எழுதினது?"

மொக்கையன் சட்டென்று முன்னால் வந்தான். "நாந்தேன் சாமி. புத்தி கெட்டு எழுதிப்புட்டேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வேலை தப்பித்துவிடும். காசிராஜன் மொக்கையனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தான்.

"அவரு இல்லைங்கய்யா. எம் பொண்டாட்டி கையெழுத்து."

"பெண்டாட்டியா! அப்படியானால் ஆறு மாதமாக ஏன் சொல்லவில்லை?"

"அவளையே இன்னைக்குத்தாங்கய்யா மொதத் தடவையாப் பாக்குறேன்."