கையை எடுக்காத மனுசன்

வைக்கோல் வெட்டும் கத்தி வேலாயுதத்தின் தொடையில் இறங்கிவிட்டது. சிராங்கூன் ரோட்டு மாட்டுக்கொட்டகைத் தரையெல்லாம் ரத்தம்.

அவன் பெண்டாட்டி பூங்காவனம் ஒரு கை பச்சைச் சாணியை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். வெட்டுக்காயத்துக்குச் சாணி அப்பினால் ரத்தம் நிற்கும் என்று சொல்லாத வாய் அந்தக் கொட்டகையில் கிடையாது. ஆனால் பால்காரச் சடையப்பன் துவைத்த வேட்டியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கையை எடுங்கண்ணே, சாணி அப்பணும்!"

"கிட்ட வராதே. காயத்துக்குக் கட்டுப்போடுற ஆஸ்பத்திரி டிரெசரைக் கூட்டியார ஆள் போயிருக்கு."

"நீ என்ன பெரிய வைத்தியனா? என் தாலியை அறுக்கவா குந்தியிருக்கே?"

சடையப்பன் இன்னும் பலமாக அழுத்தினான். அவளுக்கு வெறியே வந்துவிட்டது. குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்தது. கை மட்டும் அசையவில்லை.

ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய டிரெசர் கட்டுப்போட்டு நிமிர்ந்தார். "பிழைச்சுக்குவான். விடாம அழுத்திப் பிடிச்சதாலதான் உயிர் தங்கிச்சு."

"இதை எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றாள் பூங்காவனம் மெதுவாக.

"நீங்க இங்க வர்றதுக்கு முந்தி என் சம்சாரத்துக்கும் இதே மாதிரி வெட்டு. நானேதான் சாணி அப்பினேன். ரத்தம் நின்னுச்சு. எட்டாம் நாள் ஜன்னி கண்டு, வாய் பூட்டிக்கிட்டுச் செத்துப்போயிட்டா. அவளை எடுத்த அன்னைக்குத்தான், சாணிதான் விஷம், சுத்தமான துணியை வச்சு அழுத்தணும்னு இந்த டிரெசர் எனக்குச் சொல்லிக்கொடுத்தாரு."