மாஸ்டரின் கால்

மாஸ்டர் பிரேக்கை மிதித்தார்.

கார் நிற்கவில்லை.

சந்திலிருந்து திரும்பிய மோட்டார் சைக்கிள் முன்கண்ணாடி முழுக்கப் பெரிதானது. மறுகணம் அங்கே இல்லை. தகரம் நசுங்கும் சத்தம் அதன் பிறகுதான் அவர் காதில் விழுந்தது.

மறுபடி மிதித்தார். பலம் கொண்ட மட்டும் மிதித்தார். கார் நடைபாதை விளிம்பில் முட்டி, ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவருடைய டிரைவிங் ஸ்கூலில் கற்றவர்கள்.

காருக்குள் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மகளுக்குக் கீறல்கூட இல்லை. பெல்ட் அவளை இருக்கையோடு இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் மனம் வெட்கமே இல்லாமல் முதலில் அதைத்தான் சரிபார்த்தது.

நான் சொன்னேனா இல்லையா என்றுகூட ஒரு கணம் நினைத்தது.

ஆறு வருடம் அவள் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். மழையில், சரளையில், லாரிகளுக்கு நடுவில். ஒருமுறைகூட விழுந்ததில்லை. ஆனாலும் அவள் வீடு திரும்பும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது. "பைக்ல உன் உடம்புதாம்மா பம்பர்" என்று சொல்லிச் சொல்லியே அவளைக் கரைத்தார்.

பைக்கை விற்றாள். ஸ்கூல் காரில் அவளை ஓட்டவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவரே கற்றுக்கொடுத்தார். அவள் ஓட்டினால் கார் பூ விழுவதுபோல் வந்து நிற்கும். என் பொண்ணு ஒரு பூனையைக்கூடப் பயமுறுத்தியதில்லை என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டார். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கும் அதே கார்தான். பக்கத்தில் அதே அப்பா.

இன்று சொந்தக் கார் வந்தது. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

சாலையில் கிடந்தவன் அசைந்தான். ஹெல்மெட் மெல்ல இவர்கள் பக்கம் திரும்பியது. அவனுடைய ஒரு கால், கால் மடங்கக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள்.

உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"கண்ணு முன்னாடிதானேடி வந்தான்! பிரேக்கைப் போடறதுக்கு என்ன கேடு உனக்கு?"

மகள் சாலையைப் பார்க்கவில்லை. அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் குனிந்து பார்த்தார். செருப்பு இன்னமும் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அதன் அடியில் புது ரப்பர் விரிப்பு. வேறொன்றும் இல்லை. ஸ்கூல் காரில் அந்த இடத்தில் மாஸ்டருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு.

ஒரே ஒரு தடவையாவது அவள் தன்னை முந்திக்கொண்டு மிதித்திருக்கிறாளா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

"எப்பவும் நீங்கதானேப்பா போடுவீங்க" என்றாள்.